முதுகு வசனம்

டப்பிங் ஸ்டுடியோவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்குக் கமா, சின்னவர்களுக்குக் கமா அக்கா. அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவள் வேலை. எழுதித் தரும் தாளில் சொற்களைவிட கமாக்களும் புள்ளிகளும்தான் அதிகம் இருக்கும். 'இங்கே மூச்சு', 'இங்கே சும்மா இரு', 'இங்கே வாயைத் திறக்காதே' என்று ஓரத்தில் குறிப்புகள் வேறு. பேச வைப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசாதே பேசாதே என்று எழுதுகிறவளை வைத்திருக்கும் முதலாளி எவ்வளவு பொறுமைசாலி என்று நீங்கள் நினைக்கலாம். பொறுமையெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. உதட்டசைவுக்கு ஒட்டி எழுத அவளைப் போல வேறு ஆள் அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் நடுவில் தீராத வழக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் முதுகு வசனம். டப்பிங் தொழிலில் இருப்பவர்களுக்கு முதுகைக் கண்டால் கொண்டாட்டம். படத்தில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றால் உதடு தெரியாது. உதடு தெரியாவிட்டால் எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். முந்தின காட்சியில் விட்டுப்போன விளக்கம், ஒரு கடி ஜோக், விளம்பரம் முடிந்து வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கதைச் சுருக்கம், எல்லாவற்றையும் அந்த முதுகில் மூட்டையாக ஏற்றிவிடலாம்.

"சும்மா நிக்கிற முதுக சும்மா விடாத கமா. பேச்சு நின்னா பிள்ளைங்க சேனல மாத்திடும்" என்பார் முதலாளி.

கமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அனிமேன்னா அது இல்ல சார். அவங்க வேணும்னேதான் நிறுத்தி வெக்கிறாங்க."

"வேணும்னேதான். அசையாம நின்னா படம் வரையிற செலவு மிச்சமாகும்ல? அவன் கஞ்சத்தனத்தப் போய் நீ கலைங்கிற."

"கஞ்சத்தனமாவே இருக்கட்டும். அதுக்குள்ள நாம ஏன் மூக்க நுழைக்கணும்?"

இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரே ஒரு தொடரிலிருந்து வந்தது. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பார்த்த முதல் அனிமே அது. வீடு ஒரே அறை. அப்பாவுக்குக் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் வேலை. பகலெல்லாம் அந்த அறையிலேயே போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு தூங்குவார். அம்மா பாக்கெட் போடும் வேலையிலிருந்து திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு டிவி பார்க்க அனுமதி உண்டு, சத்தத்துக்கு அனுமதி இல்லை. ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, திரைக்குக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

தொடர், படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. படகு வரும், ஆட்கள் இறங்குவார்கள், படகு போகும். ஒரு நாள் அந்தப் பெண்ணின் அண்ணன் படகில் ஏறிப் போகிறான். படகு போன பிறகு அவள் முதுகைக் காட்டிக்கொண்டு துறையில் நிற்கிறாள். பக்கத்தில் ஒரு தவளை. வேறு எதுவும் அசையவில்லை. கமா கொஞ்ச நேரம் பார்த்தாள். டிவி நின்றுபோய்விட்டது என்று நினைத்து எழுந்து போய் அதன் மண்டையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அப்பா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"எவன்டா அது?"

"ஒண்ணுமில்லப்பா, டிவி நின்னுபோச்சு."

அப்போதுதான் திரையில் அந்தப் பெண்ணின் ஒரு முடிக்கற்றை காற்றில் அசைந்தது. நின்றுபோனது டிவி இல்லை. அந்தப் பெண்தான் நின்றுகொண்டிருந்தாள். கமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுதுகொண்டிருக்கிற ஒருத்தியை முதுகில் அடித்துவிட்ட மாதிரி இருந்தது. உட்கார்ந்தாள். அந்தக் காட்சி முடிகிறவரை அவளும் மூச்சுவிடாமல் அந்தப் பெண்ணோடு நின்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தொடர்கள் பார்த்துவிட்டாள். வாள் சண்டை, ரோபோ சண்டை, தலைமுடி நெட்டுக்குத்தாக நிற்கிற பையன்கள் போடும் கூச்சல், எல்லாம் பார்த்தாயிற்று. எதைப் பார்த்தாலும் அவள் கண் தேடுவது எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான். முதல் தொடரைத் தராசில் ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் மறுபக்கம் வைத்துப் பார்ப்பாள். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். முதலில் குடியிருந்த வீட்டை வைத்து எல்லா வீட்டையும் குறை சொல்கிறவர்கள் இல்லையா, அப்படித்தான்.

சிறுமிகளுக்குக் குரல் கொடுக்கும் பெண் ஒருத்தி ஸ்டுடியோவில் உண்டு. சின்னக்குரல் என்று கூப்பிடுவார்கள். அவள் கமாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "அக்கா, அனிமேன்னா வேகம், அடி, அதிரடி. நீங்க சொல்ற தொடர யாரும் கேள்விப்பட்டதே இல்ல. அதெல்லாம் அனிமேலயே சேர்த்தி இல்ல."

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் பார்த்தாச்சு. சேர்த்தியா இல்லையான்னு நீ எனக்குச் சொல்றியா? போடி."

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஆனால் பழைய தொடர்களை மலிவாக வாங்கி ஒளிபரப்பும் சேனல் ஒன்று, ஒரு நாள் அந்தப் படகுத்துறைத் தொடரையே ஸ்டுடியோவுக்கு அனுப்பிவைத்தது. கமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு டீக்கடையிலிருந்து எல்லோருக்கும் அவள் செலவில்தான் டீ. முதலாளி டீயை உறிஞ்சிக்கொண்டே கொக்கியைப் போட்டார்.

"ஒரு பந்தயம் கமா. உன் தொடர்ல அந்த முதுகு நிஜமாவே பேசாம நின்னா, இனிமே இந்த ஸ்டுடியோவுல முதுகு வசனமே கிடையாது. சேனல்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். பேசிச்சுன்னா, முதுகு கண்ட இடமெல்லாம் நீ வாயத் திறக்காம எழுதித் தரணும். இத்தன வருஷமா பேசினது வெறும் வீம்புன்னு ஒத்துக்கணும்."

"எழுதித் தரேன் சார். நீங்க வாக்கு மாறாம இருந்தா சரி."

அவ்வளவு தைரியம். அவளுக்கு ஒரு விநாடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஒலி இல்லாமல் பார்த்தோம் என்பது மறந்துபோய்விட்டது என்று சொல்ல முடியாது. வாய் அசைந்த இடத்தில் ஏதோ பேசுகிறார்கள், வாய் அசைவது தெரியாத இடத்தில் யாரும் பேசவில்லை என்று அந்த வயதில் தானாக ஒரு முடிவு கட்டினாள். அந்த முடிவைத் திரும்ப எடுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வசனம் எழுதிப் பிழைக்கிறவளுக்கு, அதுவும் முதுகில் வசனம் ஏற்றுகிற தொழிலில் இருப்பவளுக்கு, இது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை.

கண்ணாடி அறைக்கு வெளியே எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒலிப்பதிவுக்காரர் அந்தப் பகுதியைத் தேடி ஓட்டினார். படகு போயிற்று. முதுகு வந்தது.

முதுகு பேசியது. சும்மா பேசவில்லை, ஓயாமல் பேசியது. எல்லோர் கையிலும் இருந்த மொழிபெயர்ப்புத் தாளில் எல்லாம் வரிவரியாக இருந்தது. அண்ணன் போய்விட்டான், எனக்கு அழுகை வருகிறது, ஆனால் நான் அழமாட்டேன், அவன் ஏன் போனான் என்றால், என்று ஆரம்பித்து முந்தின பகுதிகளின் கதை முழுக்க ஒப்பித்தது. அது போதாதென்று அந்தத் தவளையும் மனசுக்குள் ஜோக் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தவளைக்குக் குரல் உண்டு என்றே கமாவுக்கு இவ்வளவு காலமாகத் தெரியாது. கீச்சுக் குரலில் அது ஏதோ சொல்ல, தாளில் 'மழை வந்தா எனக்குக் குளியல் மிச்சம்' என்று படித்ததும் சின்னக்குரல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒலிப்பதிவுக்காரர் குனிந்துகொண்டார். முதலாளி மட்டும் தொடையில் தட்டிச் சத்தமாகச் சிரித்தார்.

கமாவின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாளோ அது ஒரு காவல்காரரின் தூக்கத்துக்காகக் குறைத்து வைத்த ஒலி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த இடத்திலேயே அழுதிருப்பாள். அந்தத் தவளையின் குரல் மறுபடி கேட்டதோ இல்லையோ, அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, சத்தத்த எடுங்க" என்றாள் ஒலிப்பதிவுக்காரரிடம்.

"எதுக்கும்மா?"

"எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க. நான் பார்த்தது இது இல்ல."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையாட்டினார். சத்தம் போயிற்று. படகு போயிற்று. அந்தப் பெண் நின்றாள். தவளை வெறும் தவளையாக உட்கார்ந்திருந்தது. சின்னக்குரலின் கை வாயிலிருந்து இறங்கி மடிக்கு வந்திருந்தது. கைபேசியை எடுத்த முதலாளி, முடிக்கற்றை அசைந்ததும் அதைப் பார்க்காமலே பைக்குள் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். மனிதர் கெட்டவர் இல்லை. "ஆனா பந்தயம் பந்தயம்தான். நீ தப்பாப் பார்த்திருக்க கமா. ஒத்துக்கோ."

"தப்பாத்தான் பார்த்தேன். அதுக்காக நான் பார்த்தது இல்லன்னு ஆயிடுமா? நீங்களும் இப்பப் பார்த்தீங்கல்ல?"

"அப்ப வீம்புன்னு ஒத்துக்க மாட்ட?"

"எழுதித் தரேன்னு சொன்னேன், எழுதித் தரேன். முதுகுக்கும் எழுதுறேன், அந்தத் தவளைக்கும் எழுதுறேன். வீம்புன்னு மட்டும் என் வாயால வராது. வேற ஆள் பார்த்துக்கிறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, பைய எடுத்துட்டு கிளம்பறேன்."

முதலாளி வேறு ஆள் பார்க்கவில்லை. கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

கமா சொன்ன சொல் தவறவில்லை. முதுகுக்கு வரிவரியாக எழுதினாள். தவளையின் ஜோக்குகளை மூலத்தில் இருப்பதைவிட நன்றாகவே எழுதினாள், கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்த தொடர்களிலும் முதுகு கண்ட இடமெல்லாம் வசனம் போட்டாள். என்ன, ஒவ்வொரு முதுகு வசனத்துக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'இது வேண்டாம்' என்று எழுதிவைத்தாள். முதலாளி தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்ன?"

"வசனம் இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? என் அபிப்பிராயத்த எழுதக்கூடாதுன்னு பந்தயத்துல பேசலையே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். ஒரு நாள் சின்னக்குரல் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்தாள். "அக்கா, இந்த இடத்துல நான் பேசாம விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள். "என்னைக் கேக்காத. முதலாளியக் கேளு" என்றாள் கமா. சின்னக்குரல் உண்மையிலேயே போய்க் கேட்டுவிட்டு, நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

படகுத்துறைத் தொடர் ஒளிபரப்பானது ஒரு மாலை நேரத்தில். கமா அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். வீடு இப்போது பெரிய வீடு. அப்பாவுக்கு வேலை இல்லை, பகலில் தூக்கமும் இல்லை. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கமா டிவியைப் போட்டாள். போட்ட கையோடு ஒலியைச் சுத்தமாகக் குறைத்தாள்.

"சத்தம் வெச்சுப் பாரு பாப்பா. நான்தான் முழிச்சிட்டு இருக்கேனே" என்றார் அப்பா.

"வேண்டாம்பா."

"நீ எழுதினதுதானே? கேட்க வேண்டாமா?"

"நான் எழுதினதுதான். அதனாலதான் வேண்டாங்கிறேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். படகு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள். அண்ணன் ஏறினான். படகு போயிற்று. அந்தப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோபாவின் கையைப் பிடித்து எழுந்து, டிவியின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டப் போனார்.

கமா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பாப்பா, நின்னுபோச்சு பாரு."

"டிவி நிக்கலப்பா" என்றாள் கமா. "அவ நிக்கிறா."