மஞ்சூரில் அணுவைப் பிளந்த கதை

இயற்பியல் டியூட்டோரியல் வாத்தியார் என்பவன், தனக்கே அரைகுறையாகப் புரிந்ததை, பரீட்சையில் கோட்டை விட்டவர்களுக்கு முழுசாகப் புரியவைக்கச் சம்பளம் வாங்குகிறவன். சாக்பீஸ் தூளைத் தின்றே வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இந்த வலி தெரியும். தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், ஃபேக்டரிகள் பூட்டிக்கிடந்த காலம். நீலகிரி மலையூரான மஞ்சூரில் ஒரு பேக்கரி மாடியில் என் வகுப்பு.

காணாமல் போன எடை

என் மாணவி செல்வராணி, தேயிலை எஸ்டேட்டில் இலை பறித்தவர். இரண்டு குழந்தைகள். பிளஸ் டூவில் இயற்பியல் மட்டும் பாக்கி. அதைத் தாண்டினால் குன்னூர் ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில் வேலை. தவறினால் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனி. அவரைவிட நான்தான் பரீட்சைத் தேதியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"யுரேனியக் கருவை ஒரு நியூட்ரான் இடிக்குது. கரு ரெண்டாப் பிளக்குது. கூடவே ரெண்டு மூணு நியூட்ரான் வெளிய வருது. எல்லாத்தையும் சேர்த்து நிறுத்தா, முன்னைவிட எடை குறைவு. குறைஞ்சது எங்கே? சக்தியா மாறிடுச்சு!" என்று மேசையைத் தட்டினேன்.

செல்வராணி எழுந்தார். "பச்சை இலையை நிறுக்கறப்ப ஈரத்துக்குன்னு தெனமும் ரெண்டு கிலோ கழிப்பாங்க சார். அது எங்க போச்சுன்னு இப்பத்தானுங்க தெரியுது!"

தொடர்வினை

வெளியே வந்த நியூட்ரான்கள் அடுத்தடுத்த கருக்களை இடிக்க, அவையும் பிளந்துகொண்டே போகும். இதை நடித்துக் காட்டலாம் என்று எனக்குப் புத்தி போயிற்று பாருங்கள்! முன்வரிசைக்காரர் காதில் ஒரு செய்தி சொன்னேன். அவர் இருவருக்கு, அந்த இருவர் தலைக்கு இருவருக்கு. நான் சொன்ன செய்தி: "திங்கக்கிழமை ஃபேக்டரி திறக்குது."

வகுப்பு முடிந்ததும் நான் மறந்துவிட்டேன். செய்தி மறக்கவில்லை. திங்கள் காலை, கொட்டும் பனியில், எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளின் ஜனம் மொத்தமும் சோற்றுத் தூக்குப்போசியோடு ஃபேக்டரி கேட்டில் நின்றது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஃபேக்டரியில் டிரையர் ஓட்டியவரும், யூனியன் தலைவரும், என்னிடம் அரியர் படிப்பவருமான மணி அண்ணன் மட்டும் கேட்டார்:

"நியூட்ரானைப் புடிச்சு நிறுத்தற கம்பி ஒண்ணு இருக்குது, அடுத்த வகுப்புல சொல்றேன்னீங்களே. அதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா சார்?"

இணைவு

லேசான இரண்டு கருக்கள் சேர்ந்து ஒன்றாவது இணைவு. சூரியன் எரிவது அதனால்தான். ஆனால் கருக்கள் இரண்டுக்கும் நேர்மின்னூட்டம். கிட்டே வந்தாலே ஒன்றையொன்று தள்ளும். கோடி டிகிரிச் சூடு இருந்தால்தான் ஒட்டும். "நம்பற மாதிரி இருக்கா?" என்று கேட்டேன்.

"நம்பறேனுங்க. எங்க ஃபேக்டரி யூனியன் ரெண்டும் இத்தனை வருசம் ஒரே பெஞ்சுல உக்காந்ததில்ல. ஃபேக்டரியப் பூட்டின சூட்டுலதான் சேர்ந்தோம்" என்றார் மணி அண்ணன்.

அசையக் கூடாது

செல்வராணி பாஸ். தேவையானதற்கு மேல் ஒரே ஒரு மார்க். பேக்கரிக்காரர் பார்க்கிறார் என்றுகூடப் பாராமல் அழுதுவிட்டேன்.

மறு வருஷம் பஸ் படியில் வழுக்கி மணிக்கட்டைப் பெயர்த்துக்கொண்டு குன்னூர் போனேன். எக்ஸ்ரே அறையில் வெள்ளைக் கோட்டோடு செல்வராணி. வலியிலும் சும்மா இருப்பேனா? எக்ஸ் கதிர் எப்படி உண்டாகிறது என்று ஆரம்பித்தேன். கையும் கூடவே ஆடியது.

"மூணு மாசம் நீங்க பேசப் பேச நான் அசையாம உக்காந்திருந்தேனுங்க சார். நீங்க மூணே மூணு செகண்டு அசையாம இருங்க!"

ஆக, அணுவைப் பிளக்கலாம், சேர்க்கவும் செய்யலாம், வாத்தியார் வாயை மூட மட்டும் பாஸான ஒரு மாணவிதான் வர வேண்டியிருக்கிறது.