கூரைமேல் பதினான்கு

நான் எண்ணவில்லை. எண்ணினேன் என்று பொய் சொன்னேன்!

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். என்னை நீங்கள் அறியமாட்டீர்கள்... படிகள், ஜன்னல்கள், மாத்திரைகள், எதைக் கண்டாலும் எண்ணுகிறவன் நான். அதனால்தான் சிவபாலன் என்னை அனுப்பினான்.

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் எனக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. எண்பதுகளில் தொடங்கிப் பதினோரு வருடம் ஒரே மின்சார ரயிலில் வேலைக்குப் போனோம்; கதவுகளைக் கையால் அடித்துச் சாத்தவேண்டிய பழைய ரயில். பிறகு நீரிழிவு அவனுடைய வலது காலை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தபடி அந்த ரயிலை அட்டையிலும் தகரத்திலும் சிறிதாகச் செய்யத் தொடங்கினான். உண்மையான ரயிலின் ஓட்டமும் முடியப்போகிறது என்ற செய்தி அப்போதுதான் வந்தது.

"அண்ணை, ஒரு பெட்டியின்ரை கூரையிலை காத்துப் போற மூடி எத்தினை எண்டு பாலத்திலை நிண்டு எண்ணிக்கொண்டு வாங்கோ. சோத்துப் பருக்கையையே எண்ணிச் சாப்பிடுறனீங்கள், உங்களுக்குச் சொல்லித் தரவே வேணும்?"

போனேன். பனியும் மழையும் கலந்து அடித்தன. ரயில் நிலையத்துப் பாலத்துக்கு முப்பத்திரண்டு படிகள். ஏறவில்லை! கீழே தேநீரோடு ஒதுங்கி நின்றேன். ரயில் வந்தது, போனது. என்னோடு ஒதுங்கியிருந்தவர்களை எண்ணினேன், பதினான்கு பேர்.

"பதினாலு" என்று அவனிடம் சொன்னேன்.

மறுநாள் போய் எண்ணிவிடலாம் என்றுதான் நினைத்தேன்... காய்ச்சலில் விழுந்தேன். எழுந்தபோது அந்த ரயில் இல்லை.

பிறகு ஒரு தேவாலய மண்டபத்தில் மாதிரி ரயில்களின் கண்காட்சி. சிவபாலனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அந்த ரயிலை ஓட்டி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். கூரையில் மூடிகள் கூடிவிட்டன என்றார், பணிவாகத்தான். வீட்டில் படம் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்றும் கேட்டார்.

வேண்டாம் என்றான் சிவபாலன். எண்ணியவர் இவர் என்று என்னைக் காட்டினான். அந்த ஓட்டுநரையே மறதிக்காரர் என்று ஆங்கிலத்தில் கேலி செய்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"படம் என்னத்துக்கு அண்ணை? நீங்கள் நேரிலை எண்ணினனீங்கள். ஆளுக்கு வயசு போட்டுது."

அந்த மனிதரின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தார். நான்... என் கோட்டின் பொத்தான்களைப் பார்த்தேன். ஐந்து.

ஏன் வாய் திறக்கவில்லை? சிவபாலனின் மனம் உடையும் என்றா? இல்லை. எண்ணினால் பிழைவிடாதவன் என்ற ஒரு பெயர்தான் இந்த ஊரில் எனக்கு மிச்சமிருந்தது.

அந்த ரயில் இப்போது அவன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. யார் வந்தாலும் அதைக் காட்டிவிட்டு என்னிடம் திரும்புவான்.

"சொல்லுங்கோ அண்ணை, எத்தினை?"

"பதினாலு" என்கிறேன்.