கோல் கம்பத்துக்கு நடுவே நான்

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் நான் புட்பால் ஆடினேன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, மேலே படியுங்கள்.

பாலாற்றில் வெள்ளம் வந்து, மாதனூர்ப் பக்கம் ஒரு குடிசைப் பகுதியையே வாரிக்கொண்டு போய்விட்டது. அடுத்த மழைக்குள் அவர்களுக்குக் கூரை போட்டாக வேண்டும். அந்த நிதிக்காக ஒரு மேட்ச். ஜோலார்பேட்டை ரயில்வேயின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம். ஆம்பூர் நட்சத்திரங்கள் மறுபக்கம். ஏற்பாடு — என் சிநேகிதர், தோல் வியாபாரி ஹபீப் சாயபு.

ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் எங்கள் கோல்கீப்பருக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. ஹபீப் சாயபு நேரே என்னிடம் வந்தார்.

"தோஸ்த், நீ நில்லு."

"எனக்கு இன்னா தெரியும் பாய்?"

"வாரா வாரம் உன் பேரு பத்திரிகையில வருது. நட்சத்திரம்னா வேற இன்னா? அகலமா நில்லு, போதும்."

அகலத்துக்கு என்னிடம் குறைவே இல்லை. நின்றேன்.

அப்போது வாசலில் ஒரே சத்தம். வெள்ளத்தில் வீடிழந்தவர்களே ஆட்டம் பார்க்க நடந்து வந்திருந்தார்கள். டிக்கெட் இல்லாமல் விட முடியாது என்று வாசல்காரர் மறித்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன்னால், இடுப்பில் கைக்குழந்தையோடு பச்சையம்மா என்ற பெண்.

"யாருக்கோசரம் ஆடறீங்கோ?" என்றாள்.

"வெள்ளத்துல வீடு போனவங்களுக்கு."

"அந்த வீடு போனவங்க நாங்கதான்யா!"

வாசல்காரர் நன்றாக யோசித்தார். "இருக்கட்டும்மா... டிக்கெட்டு?"

ஹபீப் சாயபு ஓடிப்போய் வாசலைத் திறந்துவிட்டார். உள்ளே காலியாக இருந்தவை பெரிய மனிதர்களுக்காகப் போட்ட நாற்காலிகள் மட்டும்தான். வந்தவர்களை அவற்றிலேயே உட்காரவைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் பெரிய மனிதர்கள் வராமல் இருப்பார்களா? முதலில் வந்தவர் தாசில்தார்.

வந்தவர் நிற்கிறார்... நாற்காலி இல்லை!

ஹபீப் சாயபுவின் முகம் வெளுத்துவிட்டது. ஆற்றை விட்டுத் தள்ளி, மேட்டுப் புறம்போக்கில் வீடு போட அந்தத் தாசில்தார்தான் அனுமதி தர வேண்டும். அவர் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டால், நிதி இருந்தென்ன, கூரையை எங்கே போடுவது?

பச்சையம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த தன் மூத்த பெண்ணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"குந்துங்க சாமி. இடம் கீது."

தாசில்தார் சுற்றுமுற்றும் பார்த்தார். அத்தனை ஜனமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. ரயில்வேயின் சென்டர் பார்வர்டு லாசரஸ், என்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவன். தோள் இரண்டும் தேக்குக்கட்டை! அவன் ஓங்கி உதைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து என் வயிற்றில் மோதித் தானாகத் திரும்பிப் போயிற்று. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆட்டம் முழுக்க இதேதான் — அவன் உதைப்பான், என் வயிறு தடுக்கும். எனக்குள் ஒரு கோல்கீப்பர் இருந்தது எனக்கே தெரியாமல் போயிற்றே!

மூச்சு வாங்கும்போதெல்லாம் நாற்காலிப் பக்கம் பார்த்தேன். பச்சையம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். தாசில்தார் ஆட்டத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழி? எழுந்து போய் உட்கார இன்னொரு நாற்காலி ஏது?

ஆட்டம் முடியப்போகிற சமயம். இரண்டு பக்கமும் இன்னும் ஒரு கோல்கூட இல்லை. எங்கள் அணியில் ஆடிய வக்கீல் ஒருவர், எங்கள் கோலுக்கு எதிரிலேயே பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். மூக்கைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று வாதாடிப் பார்த்தார். ரெப்ரி கேட்கவில்லை. பெனால்டி!

பந்தை வைத்துவிட்டு லாசரஸ் என்னருகே வந்தான்.

"சார், பயப்படாதீங்கோ. உங்க இடது கைப் பக்கம் மெதுவா அடிக்கிறேன், பிடிச்சுக்குங்கோ. நல்ல காரியத்துக்கு ஆடறோம். டிரா ஆனா யாருக்கும் பேஜார் இல்ல."

நான் பத்திரிகைக்காரன். என்னை ஏமாற்ற முடியுமா? வலது பக்கம் பாய்ந்தேன்.

பந்து இடது பக்கம் போயிற்று. மெதுவாக... உருண்டு உருண்டு.

நம்மை யாராவது ஏமாற்ற வந்தால் வாயைப் பிளந்துகொண்டு நம்புகிறோம். ஒருவன் உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் எங்கிருந்தோ நமக்குப் புத்திசாலித்தனம் வந்துவிடுகிறது!

ரயில்வே ஜெயித்தது. தாசில்தார் மறுநாள் காலையிலேயே மாதனூர் போய், மேட்டு நிலத்தை அளந்து கொடுத்துவிட்டார். குடிசைகளுக்குக் கம்பு நட்டாயிற்று என்று நேற்று ஹபீப் சாயபு சொன்னார்.

ஆனால் ஞாயிறு சாயங்காலம் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? உடம்பெல்லாம் சேறாக, கோல் கம்பத்தடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பச்சையம்மா வந்து நின்றாள். என்னைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"வுடுங்க சாமி," என்றாள். "எங்களுக்கு வூடே போச்சு... உங்களுக்குப் பந்துதானே!"