மண்டைதீவில் போட்ட ஊசி

மருத்துவிச்சி வேலையில் பிறந்த பிள்ளைகளைவிட, இன்னும் பிறவாத பிள்ளைகள் தரும் கரைச்சல்தான் கூட. சைக்கிளில் ஊசி கொண்டு திரிந்த என் சகோதரிகளே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், யாழ்ப்பாணத்தை ஒட்டிய மண்டைதீவில் ஜெயராணி, அன்ரனி என்று ஒரு தம்பதி. கடற்றொழில். முதல் இரண்டு ஆண்குழந்தைகளும் கழுத்து நிற்காமல், கைகால் சோர்ந்து, மூச்செடுக்க ஏலாமல் ஒரு வயதுக்குள் போய்விட்டார்கள். பிறகு கரு தங்கவேயில்லை. பிரான்சிலிருந்த அன்ரனியின் தமையன் சென்னையில் சிகிச்சைக்கு ஒழுங்கு செய்தார். இரத்தம் பார்த்த டொக்டர், அந்த நோய் இருவரின் பரம்பரையிலும் ஒளிந்திருக்கிறது என்றார். வெளியே உருவாக்கும் கருக்களைச் சோதித்து, நோயில்லாததை மட்டும் வயிற்றில் வைக்கலாமாம். சோதிப்பதா இல்லையா என்று அடுத்த பயணத்துக்குள் முடிவு சொல்லவேண்டும்.

உறங்கவைக்கும் ஊசி

போகமுன் ஊரிலேயே நாளும் ஓர் ஊசி. முட்டைகளை ஒன்றாக எடுப்பதற்கு முன், சூலகத்தைக் கொஞ்சக்காலம் உறங்கவைக்கிற மருந்து. போடுவது நான். முதல் நாள் நல்ல வெயில். "பயப்படாதையும், நோகாது" என்றேன். ஜெயராணி என் தோளுக்கு மேலால் உள்ளறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். சுருட்டிய வலையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"மெல்லக் கதையுங்கோ மிஸ்ஸி. ரண்டுபேரும் இப்பதான் கண்ணயர்ந்தவை."

ஐஸ் பெட்டி

வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லை. மருந்தை அன்ரனி மீன் பெட்டியில் ஐஸ் போட்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவருவார். ஒருநாள் நானும் கூட வந்தேன். சோதனைச்சாவடியில் கடற்படைக்காரர் ஒருவர் பெட்டியைத் தட்டி, என்ன என்று கேட்டார். களைத்துப்போயிருந்த அன்ரனி, மருந்து என்பதற்குப் பதிலாக "பிள்ளை" என்று சொல்லிவிட்டார். நான் திருத்துவதற்குள் அந்த மனிதர் மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். குனிந்து எதையோ கேட்பதுபோல நின்றார். முகம் மாறியது.

"பிள்ளை அழுகுது. சுறுக்கா போங்க."

வாசல்

அன்ரனிக்குச் சோதிக்கத்தான் வேண்டும். செத்தது செத்ததுதான், இனி வருவதைப் பார்ப்போம் என்பது அவர் கதை. "ரண்டு சவப்பெட்டியும் நான்தான் அடிச்சனான். இன்னொண்டுக்கு என்ரை கை வராது" என்றார். ஜெயராணி ஒரேயடியாக மறுத்தாள்.

"வாறது அவையள்தான் எண்டால்? வாசல்வரைக்கும் வந்த பிள்ளையளை எப்பிடித் திருப்பி அனுப்புறது?" என்று என்னைக் கேட்டாள். அன்ரனி எழுந்து கடற்கரைப்பக்கம் போய்விட்டார். நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி ஊசியன்று அவளே வாய் திறந்தாள்.

"சோதிக்கட்டும் மிஸ்ஸி. அவையள் மூச்சுக்குப் பட்ட பாட்டை நான் மடியிலை வைச்சுப் பார்த்தனான். என்ரை ஆசைக்காகத் திரும்பவும் அதுக்குள்ளை கூப்பிட ஏலாது. அவையளுக்கும் சொல்லிப்போட்டன்."

டொக்டர் சொன்னது

அவர்கள் சென்னையிலிருந்து வந்த கையோடு பார்க்கப் போனேன். வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. உருவான கருக்களில் இரண்டில் நோய் இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

"ஆர் அந்த ரண்டும் எண்டு நான் கேக்கேல்லை."

பாய்

பிறந்தது பெண். மாதங்கள் போக, கழுத்து நின்றது. அன்றைக்கு அன்ரனி சுவரோடு சாய்ந்து நெடுநேரம் அழுதார். பிறகு பிள்ளை தனியாகக் குந்தியிருக்கவும் பழகினாள். ஒரு காலை நான் போனபோது பாயில் குந்தியிருந்து, பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெயராணி குசினியில் சமையல். நான் அந்த வெற்றிடத்தில் அமரப்போனேன். அன்ரனி மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"அதிலை இருக்காதேங்கோ மிஸ்ஸி. இஞ்சாலை வாங்கோ."

நான் தள்ளி இருந்தேன். இந்தத் தொழிலில் கனகாலம் தாக்குப்பிடித்தவர்கள் எல்லாரும் வீட்டுக்காரர் காட்டிய இடத்தில் இருந்தவர்கள்தான்.