பெருச்சாளியும் ஒரு பிடி தயிர்சாதமும்

மயிலாப்பூரில் எங்கள் வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட, நடுவில் கொல்லைப்புறத்தோடு மிஞ்சி நிற்கும் பழைய வீடு. அப்பா போனபிறகு அதில் அம்மாவும் நானும்தான். சுரங்க ரயிலுக்காகத் தெருமுனையில் தோண்ட ஆரம்பித்தபோது இரண்டு காரியங்கள் நடந்தன. எங்கள் மதிலை ஒட்டி வெளியே நின்ற தூங்குமூஞ்சி மரம் போயிற்று. பூமிக்குள் நிம்மதியாக இருந்த பெருச்சாளிகள் கிளம்பி எங்கள் கொல்லைக்குக் குடி வந்தன.

எலியாவது மனுஷனைக் கண்டால் ஓடும். பெருச்சாளி ஓடாது. நின்று, உனக்கு இங்கே என்ன வேலை என்று பார்த்துவிட்டு, பட்டப்பகலில் சாவகாசமாக நடந்து போகும். மோட்டார் ஒயரைக் கடித்தது. குளியலறைச் சுவரடியில் மண்ணைக் கிளறிக் குவித்தது. கடைசியில் துளசி மாடத்துக்கு அடியிலேயே வளை தோண்டியதில் மாடம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அம்மாவுக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அந்தச் சனியனைத் தொலைச்சாத்தான்டா எனக்கு நிம்மதி."

"பிள்ளையார் வாகனமாச்சேம்மா" என்று சீண்டினேன்.

"வாகனம்னா கோவில்ல நிக்கட்டும். நம்மாத்துல அதுக்கு என்ன வேலை?"

எலிப்பொறியில் மசால்வடை வைத்தேன். ஒரு சுண்டெலி மாட்டியது. பெருச்சாளிக்கு அந்தப் பொறியில் தலை மட்டும்தான் நுழையும். வளைக்குள் அந்துருண்டை போட்டேன். மறுநாள் காலையில் எல்லாம் வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தன. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்த வளைதான் கண்ணுக்குள் நின்றது.

அம்மாவுக்கு ஒரு நியமம் உண்டு. தினமும் சமையல் ஆனதும் வாழையிலைத் துண்டில் ஒரு பிடி தயிர்சாதம் வைத்துக் காக்காயைக் கூப்பிடுவாள். காக்காய் எடுத்தபிறகுதான் தான் சாப்பிடுவாள். ஊரில் பல வீடுகளில் இருக்கிற வழக்கம்தான். ஆனால் அம்மாவின் விஷயம் வேறு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தயிர்சாதம் வேண்டுமென்று கேட்டார். வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அப்புறம் தரேன்" என்று அம்மா சொன்னாள். அந்த அப்புறம் வரவே இல்லை. அன்றைக்குத் தராததைத்தான் தினமும் இலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் மதில்மேல் வைத்துவிட்டு, காக்காய் வந்து கொத்துகிறவரை அங்கேயே நிற்பாள். முழங்கால் வலி வந்தபிறகு துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் கல் காலியாக இருக்கும். "வந்துட்டுப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொள்வாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே ஆறுதலாக இருக்கும். காக்காய் சோற்றோடு இலையையும் தூக்கிக்கொண்டு போகுமா என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

ராயப்பேட்டையிலிருந்து பெருச்சாளி பிடிக்கிறவர் ஒருவரை வரவழைத்தேன். பெரிய இரும்புக் கூண்டுகளைக் கொண்டுவந்து வைத்து, சில நாட்களில் கொல்லையைக் காலி செய்துவிட்டார். கடைசிப் பெருச்சாளி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சிக்கியது; அன்று சாயங்காலமே வளைகளை அடைக்க வந்தார். கண்ணாடிச் சில்லைப் போட்டுத் திணித்து, மேலே சிமெண்டு பூச வேண்டும். அதற்கு முன்னால் துளசி மாடத்தடி வளையைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். உள்ளே வாழையிலைத் துண்டுகள், காய்ந்து சுருண்டு, குவியலாகக் கிடந்தன.

"இன்னா சார், வாயெல போட்டு விருந்தே வச்சிக்கீறீங்க! அப்பால அது எங்க போவும்?"

அவர் சிரித்தார். நான் நிமிர்ந்து மதிலுக்கு மேலே பார்த்தேன். மரம் நின்ற இடத்தில் வெறும் வானம். எங்கள் கொல்லையில் காக்காய் கத்தி எத்தனை காலமாயிற்று! அம்மா உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் அடைச்சிடுங்க" என்றேன். மயிலாப்பூரில் காக்காய்க்கா பஞ்சம், நாளைக்கே ஒன்று வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. அம்மா வழக்கம்போலச் சாதத்தை வைத்தாள். எட்டிப் பார்த்தாள், இருந்தது. மறுபடி பார்த்தாள், இருந்தது. கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய் "கா, கா" என்று கூப்பிட்டாள். சாதத்தில் எறும்பு ஏறியது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும்.

"சாப்பிடும்மா, மாத்திரை போட்டுக்கணும்."

"வரட்டும்டா."

மூன்று மணிக்கு அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து வற்புறுத்திப் புகட்டினேன். அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்திக்குக்கூட வந்தாரேடா. அன்னிக்குக் கேட்டப்போ நான் தரலைங்கறது இப்பத்தான் ஞாபகம் வந்துடுத்தோ என்னவோ."

நேற்றும் அப்பா வரவில்லை அம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. சாதத்தைத் தின்றுவிட்டுக் கூண்டில் சிக்கிய கடைசிப் பெருச்சாளிதான் நேற்று வந்தது என்று எப்படிச் சொல்வேன்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வராத காக்காய்மேல் கோபம், வெட்டிய மரத்துக்காகக் கோபம், செத்துப்போன அப்பாமேலும் கோபம். அன்று ராத்திரி அம்மா அரை டம்ளர் மோரோடு படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இலையை வைத்துவிட்டு உள்ளே போனதும் நான் கொல்லைக்கு வந்தேன். சாதத்தை எடுத்துக் குப்பையில் போடத்தான் வந்தேன். கையில் எடுத்தபிறகு மனசு வரவில்லை. துவைக்கிற கல் பக்கத்தில் நின்றபடியே தின்றேன். அப்பாவுக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாக வேண்டும். அப்படியேதான் பிசைந்திருந்தாள். இலையைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "வந்தாராடா?"

"வந்தார்மா. நான் பார்த்தேன்."

அவள் அன்றைக்கு இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை நான் அலுவலகம் போயாக வேண்டும். அதற்கடுத்த நாளும் போக வேண்டும். தெருமுனையில் இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள், மண்ணுக்கடியில் பெருச்சாளிக்குக் குறைவில்லை. சாயங்காலம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு துளசி மாடத்தடியில் உட்கார்ந்தேன்.

"என்னடா இடிக்கறே?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"தண்ணி போக வழியில்லைம்மா. அடைப்பை எடுக்கறேன்."

"மாடம் பத்திரம்டா."

சரி என்றேன். சிமெண்டு பெயர்ந்து வந்தது. உள்ளே கையை விட்டு, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டேன். வருகிற எதன் காலிலும் அது குத்திவிடக் கூடாது.