கிணற்றடித் தேசி

பிள்ளைகளே, கிணற்றடித் தேசி மரத்தை நான் தறித்ததிலிருந்து நீங்கள் இருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. காய்த்துக் குலுங்கிய மரம், கோபம் நியாயந்தான். நான் சொல்லத் தொடங்கினால் எழுந்து போகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இலைகளில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள், சுற்றிவர மஞ்சள் வட்டம். பிறகு காயில் சொறி. தடவினால் கையில் கரகரத்தது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்தேன். நிற்கவில்லை. விவசாயப் போதனாசிரியர் வந்து ஒரு காயைத் திருப்பிப் பார்த்தார். இது பூச்சியில்லை, கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா, மருந்தால் முழுதாக மாறாது, மழைத்துளியில் ஏறிக் காற்றோடு போகும் என்றார். பிறகு வேலிக்கு அப்பால் பார்த்தார்.

அப்பால், தெற்கே, பக்கத்து வீட்டு அக்காவின் தேசித் தோட்டம். சாட்டிக் கடற்கரையில் எலுமிச்சைச் சர்பத் விற்கும் கடைகளுக்கு அவர்தான் காய் கொடுக்கிறார். வேறு வருமானம் கிடையாது. வாடைக்காற்று எங்கள் கிணற்றடியைத் தாண்டித்தான் அங்கே போகும். வடக்கு வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உம்மட மரத்துக்குச் சொறி எண்டால் என்ர மரத்துக்கேன் தம்பி கடிக்குது? நடுவில வேலி நிக்குதெல்லே."

"மழை வேலியைப் பார்த்தே வரும், அக்கா?"

சிரிப்பு நின்றது. தன்னுடைய கொக்கத்தடி முறிந்ததிலிருந்து அவர் எங்கள் மரத்தில் பட்ட எங்கள் தடியால்தான் காய் பறித்து வந்தார். அது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"அப்ப ஏற்கெனவே இஞ்ச வந்திட்டுதோ?"

"தெரியாது, அக்கா."

"வராட்டி, இனி வரவிடாதையும்."

ஓம் என்றேன். அடுத்த நாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு தறித்து, இலை, காய் எல்லாவற்றையும் வளவிலேயே எரித்தேன். பச்சைக் காய்கள் நெருப்பில் வெடித்தன. வந்தபோது நீங்கள் கண்டது அந்தப் புகையைத்தான்.

இப்போது காலையில் நானும் அக்காவும் வேலிக்கு இரு பக்கமும் நின்று அவருடைய வேலியோர மரங்களின் இலைகளைத் திருப்பிப் பார்க்கிறோம். இன்றுவரை மஞ்சள் வட்டம் இல்லை. நாளைக்கும் பார்ப்பம் என்று சொல்லித்தான் பிரிகிறோம்.

மழை தொடங்கிச் சில நாளில், தறித்த அடிக்கட்டையில் இரண்டு தளிர்கள் கண்டேன். ஒரு புள்ளியும் இல்லாமல் மினுங்கின. நீங்கள் கண்டிருந்தால் துள்ளியிருப்பீர்கள். இளந்தளிரில்தான் அந்த நோய் முதலில் ஏறுமாம். வீட்டில் ஒருவரும் இல்லை. குந்தியிருந்து இரண்டையும் நகத்தால் கிள்ளி, குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.