சுங்கக் கிடங்கில் மாகாளிக்கிழங்கு

எழுபதுகளின் தொடக்கத்தில், பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்பது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருந்தோம். எலுமிச்சையும் மாங்காயும் ஆயர் ஈத்தாம் சந்தையிலேயே கிடைத்தன. மாகாளிக்கிழங்குதான் இந்த ஊரில் கிடையாது. அது இருந்தால் நம் சரக்கைத் தேடி வருவார்கள் என்று என் மனைவி அடித்துச் சொன்னாள். மெட்ராசில் இருந்த அவளுடைய அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினோம். அவரும் கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, உப்புத் தண்ணீரில் போட்டு நான்கு பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றிவிட்டார்.

கப்பல் வந்து சேர்ந்தது. சரக்குதான் கைக்கு வரவில்லை.

காரணம் மைத்துனரின் ஆசைதான். தங்கை தொழில் தொடங்குகிறாள் என்ற சந்தோஷத்தில் ஒவ்வொரு பீப்பாயின் மூடியிலும் சிவப்புப் பெயிண்டில் ‘ஊறுகாய்’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு வேலும் வரைந்திருந்தார். நம் வீடுகளில் உப்பில் போட்ட நிமிஷத்திலிருந்தே அதற்கு ஊறுகாய் என்றுதானே பெயர்? அவர் எழுதியதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. சுங்க அதிகாரிக்குத் தெரிந்தது.

அவர் ஒரு மலாய்க்காரர். பொறுமையான மனிதர். கிடங்கில் என்னை நிற்க வைத்து விளக்கினார். மலாயில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்; ஊறுகாய்க்கு மலாயில் அச்சார், ஐயாவுக்குத் துவான்.

“இங்க பாருங்க. காய்கறி கெட்டுப்போகாம இருக்க சும்மா உப்புத் தண்ணில போட்டிருந்தா அதுக்கு ஒரு வரி. திறந்த உடனே சாப்பிடுற மாதிரி தயார் பண்ணி வந்தா அது வேற வரி, ரொம்ப அதிகம். மூடியிலயே அச்சார்னு எழுதியிருக்கே?”

“இன்னும் அச்சார் ஆகல, துவான். இனிமேதான் ஆகணும்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பெரிய வரியைக் கட்டும் வசதி எனக்கு இல்லை. கட்டாவிட்டால் சரக்கு அங்கேயே கிடந்து வீணாகும். தொழில் தொடங்கும் முன்பே முடிந்துபோகும். வேலையையும் விட்டாயிற்று.

ஒரு பீப்பாயைத் திறக்கச் சொன்னார். மூடியைத் தூக்கியதும் மாகாளியின் வாசனை கிடங்கு முழுக்கப் பரவியது. பழகாதவர்களுக்கு அது மூட்டைப்பூச்சியை நசுக்கிய நாற்றம். அதிகாரி இரண்டடி பின்னால் போய்க் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“இதையா சாப்பிடுறீங்க?”

“தயார் பண்ணின பிறகு நல்லா இருக்கும், துவான்.”

“சரி. ஒரு துண்டு வாயில போட்டுக் காட்டுங்க. சாப்பிட முடியுதா இல்லையான்னு பார்த்துடலாம்.”

கந்த சஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்தது. இரவில் கொஞ்சம் பாலும் பழமும்தான். சூரசம்ஹாரம் முடியும்வரை வேறெதுவும் வாயில் வைப்பதில்லை என்று முருகனிடம் சொல்லியிருந்தேன். வைத்தால் விரதம் போகும், மறுத்தால் பீப்பாய் போகும். முருகா, இப்படியா சோதிப்பாய் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

“மன்னிக்கணும், துவான். விரதத்துல இருக்கேன்.”

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

“நானும் நோன்புதான். நானும் ருசி பார்க்க முடியாது.”

அந்த வருஷம் நோன்பு மாதமும் சஷ்டியும் ஒன்றாக வந்திருந்தன. பீப்பாயை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு நின்றோம்.

அப்போதுதான் சரக்கு ஏற்ற நான் கூட்டி வந்திருந்த லோரிக்காரர் உள்ளே வந்தார். சீனர். சுங்கை பாக்காப்பில் தமிழர்கள் வேலை செய்த தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார், இந்த ஊர் ‘லா’வும் சேர்த்து. அன்று தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு.

“என்னண்ணே, பீப்பாயச் சுத்தி நின்னு சாமி கும்பிடுறீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“அவ்வளவுதானா? குடுங்க லா, நான் திங்கிறேன். இருங்க, இருங்க! நானும் எங்க சாமிக்கு ஒன்பது நாள் வெள்ளை உடுத்திச் சைவம். இதுல பூண்டு இருக்கா? பூண்டு இருந்தா தொடமாட்டேன்.”

“பூண்டு இல்ல.”

“வெங்காயம்?”

“இல்லய்யா. உப்பும் தண்ணியும்தான்.”

எங்கள் பேச்சு புரியாமல் அதிகாரி என்னவென்று கேட்டார். லோரிக்காரர் மலாயில் சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“மிளகாய் இல்லையா? வினிகர், மசாலா எதுவும்?”

“எதுவும் இல்ல, துவான். வீட்டுல முதல்ல உப்பை அலசணும். அப்புறம்தான் தயிர், கடுகு, மிளகாய் எல்லாம் என் சம்சாரம் போடுவா. அதுக்கப்புறமும் ஊறணும்.”

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே லோரிக்காரர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு நறுக்கென்று கடித்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஓடிப்போய் வாசலுக்கு வெளியே துப்பினார்.

“ஐயோ! கடலையே கடிச்ச மாதிரி இருக்கு! எனக்கு யாராச்சும் தண்ணி குடுங்க லா!”

அதிகாரி மூக்கிலிருந்த கைக்குட்டையை வாய்க்கு இறக்கிச் சிரித்தார். மற்ற பீப்பாய்களையும் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் அதே கிழங்கு, அதே உப்புத் தண்ணீர். “இது காய்கறிதான், இன்னும் சாப்பாடு ஆகல” என்று சொல்லிக் குறைந்த வரியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அடுத்த தடவை மூடியில அச்சார்னு எழுத வேணாம்னு சொல்லுங்க.”

“சொல்றேன், துவான்.” அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் உருவத்தில் வந்து முருகன் காப்பாற்றுவான் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அவன் என் விரதத்தையும் கெடுக்கவில்லை, பிழைப்பையும் கெடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் லோரிக்காரர் ஒரு கையால் ஸ்டீரிங்கையும் மறு கையால் தண்ணீர் போத்தலையும் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் பசியை மறந்து சிரித்தேன். கப்பல் வந்த நாளிலிருந்து நான் சிரிக்கவே இல்லை.

லோரிச் சத்தம் கேட்டு என் மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள்.

“என்னங்க, விட்டுட்டாங்களா?”

“மோந்து பாரு, தெரியும்” என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் பீப்பாயை இறக்கக் கை கொடுத்தாள்.